வாஷிங்டன் அண்ணையின் எண்பது வாக்குகள்

அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை அமெரிக்கர்களைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதர், பாரிஸில் லா சப்பலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இதைச் சத்தியம் செய்தே சொல்வேன். மறுப்புத் தெரிவித்து வாஷிங்டனிலிருந்து இதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போயிருக்காது. அந்தப் பக்கத்துத் தபாலாபீஸில் உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

நான் பாண்டிச்சேரிக்காரன். எண்பதுகளின் நடுவில் அந்தத் தபாலாபீஸில் மூன்றாம் நம்பர் கவுண்ட்டர் எனக்கு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அந்தத் தெருக்களில் வந்து நிறையத் தொடங்கியிருந்த காலம். மற்ற கவுண்ட்டர்கள் காலியாகக் கிடந்தாலும், பிரெஞ்சு தெரியாதவர்கள் எல்லாரும் என் வரிசையில்தான் நிற்பார்கள். அப்படி ஒரு நாள், கழுத்தில் மூன்று சுற்று மஃப்ளரும் காதுவரை இறக்கிய குல்லாவுமாக ஒருவர் வந்து நீளமான உறை ஒன்றை நீட்டினார். வெளியே ஜூன் மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

உறையின் மேல் முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்து. ‘ஜனாதிபதித் தேர்வு முறையைத் திருத்துவதற்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், வாஷிங்டன்.’ அவ்வளவுதான் முகவரி.

“தம்பி தமிழோ?”

“ஆமாங்கண்ணே. பாண்டிச்சேரி.”

“நல்லதாப் போச்சு. உதைப் பதிவுத் தபாலிலை அனுப்பவேணும். வாங்கிறவன் கையெழுத்து வைச்ச அட்டை எனக்குத் திரும்பி வரவேணும்.”

“அண்ணே, தெருப் பேரு இல்லியே. ஆள் பேரும் இல்ல.”

“அந்த வேலைக்கு அமெரிக்காவிலை எத்தினை பேர் இருக்கப் போயினம்? ஒருத்தன் இருந்தாலே பெரிய காரியம். விசாரிச்சுக் குடுப்பினம்.”

நானும் முத்திரை குத்தி அனுப்பிவைத்தேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் முகவரியைப் பற்றி எவ்வளவு கவலைப்படலாமோ அவ்வளவுதான் பட்டேன். ஆறு வாரம் கழித்து அந்த அட்டை திரும்பி வந்தது, கையெழுத்தோடு. கையெழுத்து என்று சொல்வது மரியாதைக்காக. கோழி நடந்ததுபோல் ஒரு கிறுக்கல். அவர் அதைக் கண்ணாடிக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “இருக்கிறான் தம்பி, ஒருத்தன் இருக்கிறான்” என்றார். அன்று மாலைக்குள் லா சப்பல் முழுவதும் அந்த அட்டையைப் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து அவர் வாஷிங்டன் அண்ணை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை, நானும் கூப்பிடப் போவதில்லை.

யாழ்ப்பாணத்தில் அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வாக்காளர் பட்டியலை, அவர்கள் பாஷையில் இடாப்பை, எழுதிய கிளாக்கர். யார் உயிரோடு இருக்கிறார், யார் செத்தார், யார் கலியாணம் கட்டி அடுத்த ஊருக்குப் போனார் என்பதையெல்லாம் பேரேட்டில் பதிந்த கை. பாரிஸ் வந்தபின் அதே கை புளோன்ஜ் வேலையில் இறங்கியது. உணவகத்தில் சட்டி கழுவும் வேலைக்கு இங்கே அதுதான் பெயர். அந்த உணவகத்தில் சாப்பிட வந்த யாரோ ஓர் அமெரிக்க வாத்தியார், தங்கள் நாட்டு அரசியலமைப்பைப் பிள்ளைகளுக்கு விளக்கும் தடித்த பாடப்புத்தகம் ஒன்றை மேசையில் மறந்துவிட்டுப் போனார். வேறு யார் கையில் கிடைத்திருந்தாலும் ஆடும் மேசைக்கு முட்டுக் கொடுக்கப் பயன்பட்டிருக்கும். கிடைத்ததோ நம்முடைய கிளாக்கர் கையில்.

அவர் சொன்ன ஓட்டையை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்னால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அமெரிக்காவில் மக்கள் போடும் வாக்கு நேராக ஜனாதிபதிக்குப் போய்ச் சேர்வதில்லை. மாநிலத்துக்கு இத்தனை வாக்கு என்று ஓர் ஒதுக்கீடு உண்டு. அநேகமாக எல்லா மாநிலங்களிலும், யார் ஒரே ஒரு வாக்கு முன்னால் நிற்கிறாரோ அவருக்கே அந்த ஒதுக்கீடு முழுவதும். தோற்றவருக்குப் போட்டவர்கள் அன்றைக்கு வீட்டில் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த முறையை லா சப்பலுக்கு இறக்குமதி செய்தவரே அவர்தான். ஆரம்பத்தில் புத்தகத்தைப் பாதிவரை படித்துவிட்டு அதன்மேல் காதலாகிக் கிடந்தாராம்.

அங்கே பையன்கள் ஒரு சங்கம் வைத்து வாசிகசாலை தொடங்கியிருந்தார்கள். அரிசிக்கடை ஒன்றுக்குக் கீழே இருந்த நிலவறை. ஒரு ஹீட்டர், ஒன்பது நாற்காலி, ஒரு கேரம் பலகை, பத்து நாள் பிந்திவரும் ஊர்ப் பத்திரிகைகள். கடைக்காரர் சம்பா அரிசி விற்றுப் பெயர் எடுத்தவர். அதனால் சம்பா அண்ணை. நிலவறையின் சாவி அவர் கடைச் சுவரில் ஆணியில் தொங்கியது. சங்கத்துக்குத் தலைவர் யாரோ அவர் சொல்கிற நாளில்தான் சாவி ஆணியை விட்டு இறங்கும். அப்போது தலைவர் சம்பா அண்ணைதான். அவர் சொன்ன நாள் ஞாயிறு. ஞாயிறு மட்டும்.

வாஷிங்டன் அண்ணைக்கு விடுமுறை திங்கட்கிழமை. உணவகத்தில் வேலை செய்த பலருக்கும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலை திறந்திருக்கும்போது இவர் முழங்கைவரை சோப்பு நுரையில் நின்றார். திங்கட்கிழமை இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தால் கதவு பூட்டிக் கிடந்தது. அறையில் இருக்கலாமே என்றால், ரூ பிலிப்-து-ஜிராரில் அவர் இருந்த அறையில் பேக்கரி வேலைக்காரர்கள் பகலில்தான் தூங்குவார்கள். விளக்குப் போடக்கூடாது. பத்திரிகையைப் புரட்டினால் அந்தச் சத்தத்துக்குத் தலையணை பறந்து வரும். ஆகவே திங்கட்கிழமைகளில் அவர் மாதப் பாஸை எடுத்துக்கொண்டு இரண்டாம் நம்பர் மெத்ரோவில் ஏறி, கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, நசியோனிலிருந்து போர்த் தொஃபினுக்கும் அங்கிருந்து திரும்ப நசியோனுக்குமாகப் போய்வந்துகொண்டே படிப்பார். அமெரிக்க அரசியலமைப்பு முழுவதையும் அவர் அப்படித்தான் முடித்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை ஆடாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பத்திரிகை படிக்க வேண்டும்.

சங்கத்துக்கு விதிகள் எழுத ஆள் தேடியபோது, தேர்தல் அனுபவம் உள்ளவர் என்று இவரைத்தான் பிடித்திருக்கிறார்கள். பையன்கள் ஏழு அறைகளில் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது. கூட்டத்துக்கு அறைக்கு ஒருவர்தான் வரமுடியும். தவிரவும் ஒவ்வோர் அறையிலும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஒரு சட்டியில் சாப்பிடுகிறவர்கள் வெளியே ஒரு பேச்சுத்தான் பேசவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இதைப் பார்த்ததும் இவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இதுதான் அமெரிக்கா என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அறைகள் மாநிலங்கள் ஆயின. ரூ பிலிப்-து-ஜிரார் அறை கலிபோர்னியா. ஊருக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் இருந்தது டெக்சாஸ். கார்ஜ் லே கொனெஸில் ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்ததால் அது புளோரிடா. சன்னல் கண்ணாடி உடைந்த ஓர் அறைக்கு அலாஸ்கா என்று பெயர் வைத்தார். பையன்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். “மச்சான் அடுத்த மாதம் புளோரிடாவுக்கு மாறுறான்” என்று என் கவுண்ட்டரில் நின்று பேசுவார்கள். வரிசையில் நிற்கும் பிரெஞ்சுக்காரர்கள் பொறாமையோடு திரும்பிப் பார்ப்பார்கள்.

மாநிலத்துக்கு எத்தனை வாக்கு என்பதற்குத் தபால் பெட்டியில் எத்தனை பெயர் ஒட்டியிருக்கிறதோ அத்தனை, அதோடு அமெரிக்காவைப்போல எல்லா மாநிலத்துக்கும் இரண்டு கூட. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கலிபோர்னியாவின் பெட்டியில் இருபத்துநாலு பெயர் ஒட்டியிருந்தது. நிரந்தர விலாசம் இல்லாத பையன்கள் எல்லாரும் கடிதம் வர அந்த விலாசத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். இவர் நோட்டுப் புத்தகத்தோடு பெட்டிக்கு முன் நின்று பெயர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசிய அம்மா துடைப்பத்தோடு வந்துவிட்டாள். உண்மையில் அந்த அறையில் எத்தனை பேர் என்று அதட்டினாள்.

“ஆறு பேர், மதாம்” என்றார் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில். “மிச்சம் எல்லாம் கடிதம்.”

அந்த விதிகளின்படி நடந்த முதல் தேர்தலில் சம்பா அண்ணைக்கு எதிராக இவரே நின்றார். திங்கட்கிழமை திறப்பேன் என்பது ஒன்றுதான் வாக்குறுதி. திங்கள் விடுமுறைக்காரர்கள் ஒவ்வோர் அறையிலும் இருந்தார்கள், ஆனால் ஒவ்வோர் அறையிலும் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். ஏழு அறையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சம்பா அண்ணை பக்கம் விழுந்தன. எண்பதுக்குப் பூச்சியம். இவருடைய சொந்தக் கலிபோர்னியா உட்பட.

சம்பா அண்ணை ‘80 – 0, ஏகமனதாக’ என்று எழுதி, கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். இவர் புத்தகத்தின் மறுபாதியை எடுத்துக்கொண்டு மெத்ரோ ஏறினார். வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான். “உவங்கள் எழுதிவைச்சதைப் பாத்து நான் மோசம் போனன். பிழை எங்கையெண்டு அவங்களுக்கு ஆரும் சொல்லவேணும்தானே” என்று எனக்கு விளக்கம் சொன்னார். புகார்க் கடிதம் இல்லையாம் அது. உதவியாம்.

அடுத்த வாரமே என்னையும் இழுத்துக்கொண்டு சம்பா அண்ணை கடைக்குப் போனார். நான் எந்த அறையையும் சேராதவன், பிரெஞ்சு அடையாள அட்டை உள்ளவன், ஆகவே நடுநிலைச் சாட்சி. கடை மேசையில் ஏழு தேநீர்க் கிளாஸ்களை வரிசையாக வைத்தார். கடையின் மூட்டையிலிருந்தே அள்ளி, கிளாஸுக்கு நாலு அரிசியும் மூன்று மைசூர்ப் பருப்பும் போட்டார்.

“அண்ணை, இது ஏழும் ஏழு அறை. எல்லாத்திலையும் அரிசி கூட. சரியோ?”

“சரி.”

“எங்கடை விதிப்படி பருப்பை வெளியிலை எறிஞ்சுபோட்டு அந்த இடத்துக்கும் அரிசியைப் போடுறம்.” எறிந்தார். போட்டார். “இப்ப எத்தினை பருப்பு?”

“ஒண்டுமில்லை.”

“முதலிலை இருபத்தொண்டு இருந்தது. அந்த இருபத்தொண்டும் எங்கை?”

சம்பா அண்ணை மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “கீழை கிடக்குது. பொறுக்கி எடும்.”

ஆட்சிமுறை பற்றி நான் கேட்ட விவாதங்களிலேயே மிகச் சுருக்கமாக முடிந்தது அதுதான். ஆனால் வாஷிங்டன் அண்ணை மண்டியிட்டு, வாடிக்கையாளர்களின் கால்களுக்கு இடையே புகுந்து, ஒவ்வொரு பருப்பாகப் பொறுக்கத் தொடங்கினார். இருபது கிடைத்தது. இருபத்தொன்றாவதுக்காகக் கால் மணி நேரம் தேடினார். விடுங்கண்ணே, ஒரு பருப்புத்தானே என்று நான் சொன்னதும் தரையிலிருந்தபடி நிமிர்ந்து பார்த்தாரே ஒரு பார்வை, நானும் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டேன். கடைசியில் அது என் கால்சட்டை மடிப்புக்குள் இருந்தது.

நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் வந்தது. மறுநாள் பார்பெஸில் ஒரு டி.வி. கடையின் கண்ணாடிக்கு வெளியே நானும் அவரும் நின்றோம். அந்த வருடம் அமெரிக்க வரைபடம், ஒரு மாநிலமும் தலைநகரமும் போக, முழுவதும் ஒரே நிறம். அவர் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “மற்ற ஆளுக்குப் போட்ட சனம் உதுக்குள்ளை எல்லா இடமும் இருக்குதுகள் தம்பி. கோடிக்கணக்கிலை. ஒண்டையும் காணேல்லை” என்றார். பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பெண்மணி ஒருத்தி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நெருங்கிய சொந்தம் யாருக்காவது ஆபத்தா என்று என்னிடம் கேட்டாள். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தேன்.

அதோடு அவர் திருத்த வேலையில் முழுமூச்சாக இறங்கினார். அமெரிக்காவில் மெய்ன் என்று ஒரு மாநிலம் தன் வாக்கைத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று விதி வைத்திருக்கிறது. முதலில் அதைப் பரீட்சித்துப் பார்க்கலாம் என்று கலிபோர்னியாவைக் கட்டில் தொகுதி, பாய்த் தொகுதி, குசினித் தொகுதி என்று மூன்றாகப் பிரித்தார். தரையில் சாக்குக்கட்டியால் கோடு கூடப் போட்டார். முதல் நாளே எல்லைத் தகராறு. ஒருவன் தலை பாய்த் தொகுதியிலும் கால் குசினித் தொகுதியிலுமாகப் படுப்பவன். தலை எங்கே கிடக்கிறதோ அங்கேதான் வாக்கு என்று இவர் தீர்ப்புச் சொன்னார். இரண்டாம் நாள் எவனோ தன் பாயை உருட்டிக்கொண்டு போய்க் கட்டில் தொகுதியில் விரித்து, அங்கே பெரும்பான்மையை மாற்றிவிட்டான். மூன்றாம் நாள் போர்த்துக்கீசிய அம்மா மேலே வந்து தரையில் இருந்த கோடுகளைப் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடப் போனாள். மெய்ன் முறை கைவிடப்பட்டது.

பிறகுதான் நேரான வழிக்கு வந்தார். அறையின் வாக்கை அறைக்குள் யார் யாருக்கு எத்தனை பேரோ அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். ஆனால் விதிகளைத் திருத்த ஏழில் ஐந்து அறைகள் சம்மதிக்க வேண்டும் என்று வேறொரு விதி இருந்தது. எழுதியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறைகள் மசியவில்லை. கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்கு அது அருவருப்பாக இருந்தது. “ஒரு சட்டியிலை கையை வைச்சுச் சாப்பிட்டுட்டு, வெளியிலை போய் ரெண்டு பக்கம் கை தூக்கச் சொல்லுறீங்களோ அண்ணை?” என்று அலாஸ்காவில் ஒருவன் கேட்டானாம். யாராவது மடக்கினால் அவர் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே அவர்களுடைய குசினிக்குள் போய், தொட்டியில் குவிந்துகிடந்த சட்டிகளைக் கழுவத் தொடங்கியிருக்கிறார்.

நண்பர்களே, ஏழெட்டு இளைஞர்கள் இருக்கும் அறையின் கழுவாத சட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அடியில் பிடித்த சோற்றுக்குள் இன்னொரு வாரத்துச் சோறு இருக்கும். வாஷிங்டன் அண்ணையோ அதைத் தொழிலாகச் செய்கிறவர். ஒரு மணி நேரத்தில் அலாஸ்காவின் சட்டிகளில் முகம் பார்க்கலாம்போல் ஆகிவிட்டது. கை தூக்குவது பற்றிப் பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை. அவர் போனபின் சம்மதக் கடிதம் வந்துசேர்ந்தது.

அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சட்டிப் பிரசாரம். டெக்சாஸுக்கு ரயில் ஏறிப் போய்க் கழுவினார். புளோரிடாவுக்குப் போய்க் கழுவினார். வாரம் ஆறு நாள் சட்டி கழுவிவிட்டு, கிடைத்த ஒரே விடுமுறை நாளில் ஊர் ஊராகப் போய்ச் சட்டி கழுவிய அரசியல்வாதி உலகத்தில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். வசந்தம் வருவதற்குள் ஐந்து அறையும் கையெழுத்துப் போட்டுவிட்டன. திருத்தப் பத்திரத்தை, சங்கங்களைப் பதியும் பிரெஃபெக்தூர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவரும் பொறுப்பு, பிரெஞ்சு அட்டைக்காரனான என் தலையில் விழுந்தது. பத்திரத்தை வாங்கிப் பைக்குள் வைத்தேன். இரண்டு வாரமாகப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது தேர்தல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் நடந்தது. மறுபடியும் அதே இருவர். எண்ணுகிறவன் நான். இந்தத் தடவை அவர் உணவகத்தில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கி வந்திருந்தார். மஃப்ளர் நாலு சுற்று. அறை அறையாகப் பிரிந்த கணக்கை நான் வாசிக்க வாசிக்க அவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கலிபோர்னியாவில் அவருக்குப் பதினாலு, சம்பா அண்ணைக்குப் பன்னிரண்டு. டெக்சாஸில் ஏழுக்கு ஐந்து. அலாஸ்காவும் அவர் பக்கம்தான், ஐந்துக்கு மூன்று. மற்ற நாலு அறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினார். கூட்டிப் பார்த்தோம். சம்பா அண்ணை நாற்பத்தொன்று. வாஷிங்டன் அண்ணை முப்பத்தொன்பது.

இரண்டு வாக்கால் போய்விட்டது. அலாஸ்காக்காரன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

எனக்குத்தான் அப்போது ஒரு பொறி தட்டியது. பழைய விதிப்படி எண்ணிப் பார்த்தேன். கலிபோர்னியா முழுசாக இருபத்தாறு, டெக்சாஸ் முழுசாகப் பன்னிரண்டு, அலாஸ்கா முழுசாக எட்டு. நாற்பத்தாறு. பழைய விதியே இருந்திருந்தால் இந்த மனிதர் சுகமாக ஜெயித்திருப்பார். நான் அவரை மூலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“அண்ணே, சத்தம் போடாம கேளுங்க. திருத்தப் பத்திரம் இன்னும் என் பையிலதான் இருக்கு. பிரெஃபெக்தூர் முத்திரை விழுற வரைக்கும் பழைய விதிதான் செல்லும்னு நீங்களே எழுதி வச்சிருக்கீங்க. பதினோராவது விதி. பழைய விதிப்படி நீங்கதான் தலைவர்.”

“தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“நீர் அலாஸ்காவை வாசிக்கேக்கையே கூட்டிப்போட்டன்.”

“அப்புறம் என்னாண்ணே? திங்கக்கிழமை உங்களுக்குக் கெடச்சாச்சு. மேல கடைக்கு ஏறிச் சொல்லிட்டு வர்றேன்.”

அவர் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். சோப்பில் ஊறி ஊறி வெளுத்துப்போன கை. “தம்பி, அந்த மூண்டு அறையிலையும் இருபது வாக்கு எனக்கு விழேல்லை. அவங்கடை வீட்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டு நான் என்ன சொன்னனான்? உன்ரை வாக்கு உன்ரை எண்டு சொன்னனான். இப்ப அந்த இருபதையும் அள்ளி என்ரை பையிலை போட்டுக்கொண்டு போய்க் கதிரையிலை இருக்கிறதோ? சும்மா இரும். செவ்வாய்க்கிழமை போய் அதைக் குடுத்து முத்திரை குத்துவிச்சுக்கொண்டு வாரும்.”

சொல்லிவிட்டு மேலே கடைக்குப் போய்ச் சம்பா அண்ணைக்குக் கை கொடுத்தார். பிறகு என்னிடம் திரும்பி வந்து நோட்டை விரித்துக் காட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. “முப்பத்தொன்பது. பாத்தீரோ? ஒண்டும் சிந்தேல்லை.” தோற்றுப்போய் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மஃப்ளரைப் பிடித்து இறுக்கியிருப்பேன். மறுநாள் திங்கட்கிழமை; அவர் வழக்கம்போல மெத்ரோ ஏறப் போய்விட்டார். செவ்வாய் மதிய இடைவேளையில் நான் முத்திரை வாங்கிவந்தேன், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு.

சனிக்கிழமை என் கவுண்ட்டருக்கு முன்னால் சம்பா அண்ணை நின்றார். தபால் தலை வாங்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினார்.

“இதைத் திங்களுக்கு அவனிட்டைக் குடும்.”

“நீங்கதானே ஜெயிச்சீங்க?”

“ஓம், வெண்டனான். எண்பது எண்டு எழுதி ஒட்டேக்கை ஒண்டும் தெரியேல்லை. இப்ப கடைக்குள்ளை ஆர் வந்தாலும், இவனும் அந்த முப்பத்தொன்பதிலை ஒருத்தனோ எண்டுதான் யோசனை ஓடுது. வெளியிலை குளிருக்கை விட்டுப்போட்டு உள்ளை இருந்து பாத்துக்கொண்டிருக்கிற மாதிரிக் கிடக்கு. எண்ணிக் காட்டிப்போட்டானே, அறுவான்.” கண்ணாடிப் பக்கம் குனிந்து, “நான் தந்ததெண்டு பெரிசாச் சொல்லாதையும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை லா சப்பல் மேம்பாலத்து மேடையில் நின்று, வந்த ஒவ்வொரு வண்டியின் கடைசிப் பெட்டியையும் பார்த்தேன். நாலாவதில் இருந்தார். மடியில் புத்தகம். பக்கத்தில் உட்கார்ந்து சாவியை அந்தப் பக்கத்தின் மேல் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. “நான் தோத்தனான்.”

“சம்பா அண்ணே குடுத்தாரு.”

“அவர் குடுக்கிறதுக்கு இது அவற்றை வீட்டுச் சொத்தே? வெண்டவருக்குத்தான் சாவி. இது எந்த விதியிலை வருது?”

இப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் நானும் கொஞ்சம் படித்திருந்தேன். நகராட்சி நூலகத்தில் அமெரிக்கா பற்றி பிரெஞ்சில் ஒரு புத்தகம் இருந்தது.

“அமெரிக்காவுல ஆரம்பத்துல எழுதின விதி என்னாண்ணே? ஜனாதிபதி தேர்தல்ல ரெண்டாவதா வர்றவருக்கு என்ன பதவி?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உப ஜனாதிபதி. ஆனால் அதை அவங்கள் பிறகு திருத்திப்போட்டாங்கள்.”

“அவங்க திருத்துனாங்க. நாம திருத்தலியே. நம்ம விதியில உபதலைவர் எப்படி வரணும்னு ஒரு வரிகூட இல்ல. நான்தான் முத்திரை வாங்கிட்டு வந்தேன், பூராத்தையும் படிச்சுட்டேன்.”

வண்டி ஸ்தாலின்கிராத்தைத் தாண்டியது. ழோரெஸைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கியது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பதினொரு விதிகளையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. பெல்வில் வந்தது. கதவு மூடப்போகும் நேரத்தில் சாவியை எடுத்து மஃப்ளருக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

“இறங்கும் தம்பி. திரும்பிப் போற வண்டியைப் பிடிப்பம்.”

நிலவறையைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, ஒன்பது நாற்காலியில் எது ஆடாது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார். பத்து நாள் பழைய பத்திரிகையை விரித்தார். பிறகு நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். நான் எதிரே உட்கார்ந்து அவர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

தபாலாபீஸ்காரனுக்குத் திங்கட்கிழமை விடுமுறை கிடையாது என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டிருந்தேன். அவர் பக்கம் புரட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மாலைவரை அங்கேயே இருந்தேன்.